ஏழாம் வசனத்துக்கு முன்னால் நாலாம் வசனம்

போன செவ்வாய்க்கிழமை காலை. பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது வேதமணி அக்காவின் போன்.

"தம்பி, விஷயம் தெரியுமா? பொன்மணி வசனத்தக் கழத்தி வச்சிட்டா."

"எந்த வசனம்க்கா?"

"நாம குடுத்த வசனந்தான். நேத்து ஸ்ரீவைகுண்டத்துக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனேன், அப்படியே அவ வீட்டுக்கும் போனேன். செவுத்துல ஆணி மட்டும் நிக்குது. எங்கட்டின்னு கேட்டா, 'காப்பி குடிங்கக்கா'ங்கா. நானும் குடிச்சிட்டு வந்துட்டேன்."

வேதமணி அக்கா, பாளையங்கோட்டையில் எங்கள் தெரு ஜெபக்குழுவின் தலைவி. தேர்தல் என்று எதுவும் நடந்ததில்லை... ஆனாலும் தலைவி.

பொன்மணி பள்ளிக்கூட ஆசிரியை. வெகு காலம் எங்கள் தெருவில் வாடகைக்கு இருந்தவர். கணவர் தேவசகாயத்துக்குச் சொந்த ஊர் ஸ்ரீவைகுண்டம். அங்கே ஒரு வீடு கட்ட ஆரம்பித்தார்கள். கீழே இவர்களுக்கு. மாடி, மகன் ஜெபினுக்கு. சுவர் ஜன்னல் உயரத்துக்கு வந்திருந்தபோது ஜெபின் போய்விட்டான். போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சிநேகிதர்களோடு புன்னக்காயலுக்கு, ஆறு கடலில் சேரும் கழிமுகம் பார்க்க பைக்கில் போன பிள்ளை. வழியில் லாரி. வேலை பல மாதம் அப்படியே நின்றது. பிறகு எப்படியோ முடித்தார்கள்.

போன மாதம் புது வீட்டுப் பிரதிஷ்டை. நாங்கள் ஒரு வேன் பிடித்துப் போனோம். குழுவின் சார்பில், பைபிள் வசனம் எழுதிய ஒரு ஃப்ரேம் கொடுத்தோம்.

உங்களுக்கும் தெரிந்த வசனம்தான். எங்கள் பக்கத்தில் கிறிஸ்தவர்கள் நடத்தும் கடைகளில் பாதிக் கடையில் கல்லாவுக்கு மேலே அதுதான் தொங்கும். தொடக்கம் அற்பமாக இருந்தாலும் முடிவு நிறைவாக இருக்கும் என்று பொருள். புத்தாண்டு வாக்குத்தத்த அட்டையில் வரும். காலையில் சூரியோதயப் படத்தோடு வாட்ஸ்அப்பில் வரும். எனக்கே நாலு பேர் அனுப்புகிறார்கள்... நாலு பேருக்கும் கைகூப்பி அனுப்பிவிட்டுத்தான் காப்பி.

ஃப்ரேம் கடையில் கல்யாணத்துக்கு ஒன்று, கடைத் திறப்புக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று என்று தயாராக அடுக்கி வைத்திருப்பார்கள். வாங்கினோம், மாட்டினோம், சாப்பிட்டோம், வந்தோம்.

இப்போது ஆணி மட்டும் நிற்கிறது.

அன்று மாலைக்குள் தெருவே தீர்ப்பு எழுதிவிட்டது. பொன்மணி விசுவாசத்தில் தளர்ந்துவிட்டாள்.

"நீங்க போய்ப் பேசுங்க தம்பி," என்றார் அக்கா. "நீங்கதான பைபிளையே தேதி பாத்து வாசிக்கிற ஆளு."

கிண்டல்தான். கல்லறைத் தோட்டம் கல்லறைத் தோட்டமாகப் போய்ப் பெயரும் தேதியும் எழுதிக்கொண்டு அலைகிறவன் நான் என்பது இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிக்கிறவர்களுக்குப் பழைய செய்தி. அந்தப் புத்தி பைபிளிலும் வரும். வெள்ளிக்கிழமை ஜெபக்குழுவில் ஒரே பாட்டுத்தான் பாடுவேன். ஒற்றை வசனத்தோடு நிறுத்தாதீர்கள், முழு அதிகாரத்தையும் நீங்களே வாசியுங்கள். சொன்னது யார், யாரிடம், எப்போது – பாருங்கள். நான் தொண்டையைச் செருமினாலே, "ஆரம்பிச்சிட்டாவ" என்று அக்கா கண்ணாடியைக் கழற்றிவிடுவார்.

எத்தனை பேர் வாசித்தார்கள்? யாரும் வாசிக்கவில்லை என்றுதான் நினைத்திருந்தேன். சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது.

புதன்கிழமை பஸ் ஏறினேன். பொன்மணி பள்ளிவிட்டு வரும் நேரத்துக்கு அவர்கள் வீட்டில் இருந்தேன். தேவசகாயம் என்னை உட்காரவைத்துவிட்டு, செடிக்குத் தண்ணீர் விடவேண்டும் என்று வெளியே போய்விட்டார். துக்க வீட்டு ஆண்களுக்கு எப்போதும் ஏதாவது செடி இருக்கிறது.

"அக்கா அனுப்பி வச்சாவளா அண்ணாச்சி?" என்று கேட்டுக்கொண்டே வந்தார் பொன்மணி.

"ஆமாம்மா."

"நல்லது. ஒங்களத்தான் கேக்கணும்னு இருந்தேன். வெள்ளிக்கிழமதோறும் நீங்க என்ன சொல்லுவிய?"

"முழு அதிகாரத்தையும் வாசிங்கன்னு..."

"வாசிச்சேன்."

பைபிளை எடுத்து வந்து மேஜைமேல் வைத்தார். யோபுவின் புத்தகம், எட்டாம் அதிகாரம்.

"தெனமும் அந்த ஃப்ரேமுலதான் முழிக்கேன். நல்லாத்தான இருக்கு, முழுசா வாசிப்பமேன்னு எடுத்தேன். அது ஏழாம் வசனம். ஏழுக்குப் போற வழியில நாலு கெடக்கு அண்ணாச்சி."

விரலை வைத்து வாசித்தார். பிள்ளைகளைப் பறிகொடுத்து உட்கார்ந்திருக்கும் யோபுவைப் பார்த்து ஒருவர் சொல்கிறார்: உன் பிள்ளைகள் கடவுளுக்கு விரோதமாகப் பாவம் செய்திருந்தால், அந்தப் பாவத்தின் கையிலேயே அவர் அவர்களைக் கொடுத்துவிட்டார். அதற்கு மூன்று வசனம் தள்ளித்தான் நாங்கள் ஃப்ரேம் போட்ட ஆசீர்வாதம்.

"என் மவன் பாவம் செஞ்சான், செத்தான். அது போக எனக்கு முடிவு நல்லாருக்கும். இதத்தான எல்லாரும் வேன் புடிச்சி வந்து மாட்டிட்டுப் போனிய?"

வசனத்திலிருந்து விரலை எடுக்காமலே தொடர்ந்தார்.

"துட்டி வீட்டுல அக்கா ஒரு வார்த்த சொன்னாவ. ஞாயித்துக்கிழம கோயிலுக்கு வந்திருந்தா பிள்ளைக்கு இப்படி ஆயிருக்குமான்னு. பக்கத்து ரூம்புல படுத்துக் கெடந்தேன், காதுல விழுந்துச்சு. சரி, வயசானவ, வாய்க்கு வந்தத சொல்லுதாவன்னு விட்டுட்டேன். இப்பம் பாத்தா அது பைபிள்லயே இருக்கு."

குரல் உயரவில்லை. வகுப்பில் வருகைப்பதிவு எடுக்கிற குரல்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. இத சொன்னது கர்த்தரா? அவருதான்னா நான் இனிமே கோயிலுக்கு வரல. இந்தப் புஸ்தகத்தையும் தொட மாட்டேன். அவியளும் நானும் இதப் பேசி முடிச்சிட்டோம்."

அவியள் என்றது கணவரை. வெளியே தண்ணீர் விழும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

நீங்களே வாசியுங்கள் என்று சொல்வது சுலபம். ஒருவர் உண்மையிலேயே வாசித்துவிட்டு வந்து, இப்போது பதில் சொல் என்று நிற்கும்போதுதான் அதன் கனம் தெரிகிறது.

"கர்த்தர் இல்லம்மா. பில்தாத்."

"அது யாரு?"

"யோபுவோட சிநேகிதன். துக்கம் விசாரிக்க வந்த மூணு பேர்ல ஒருத்தன்."

"துட்டி கேக்க வந்தவனா?"

"ஆமா."

"துட்டி கேக்க வந்தவன் சொன்னா ஆச்சா?"

"ஆகல. கடைசி அதிகாரத்துக்குப் போங்க."

நானே சொல்லியிருக்கலாம். நான் சொன்னால் அது அண்ணாச்சி சொன்னது ஆகிவிடும். பக்கங்களைத் தள்ளி, நாற்பத்திரண்டாம் அதிகாரத்துக்குப் போனார். ஏழாம் வசனம் – இங்கேயும் ஏழு. கடவுள் அந்தச் சிநேகிதர்கள்மேல் கோபப்படுகிறார். என் ஊழியன் யோபு பேசியதுபோல நீங்கள் என்னைப்பற்றிச் சரியானதைப் பேசவில்லை என்கிறார்.

வாசித்துவிட்டு நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இன்னொரு தரம் வாசி."

வாசலில் தேவசகாயம். கையில் ட்யூப், தண்ணீர் படியில் ஓடிக்கொண்டிருந்தது.

மறுபடி வாசித்தார். அடுத்ததையும் வாசித்தார். அந்தச் சிநேகிதர்கள் யோபுவிடம் போகவேண்டும், அவன் அவர்களுக்காக வேண்டிக்கொள்வான், அதைக் கேட்டு நான் அவர்களைத் தண்டிக்காமல் விடுவேன் என்கிறார் கடவுள். இன்னும் கொஞ்சம் போனதும் பைபிளை மூடிவிட்டார்.

"இதுக்கு மேல வேண்டாம். யோபுக்கு மறுபடியும் பிள்ளைங்க பொறந்துதாம். இருக்கட்டும். முந்தின பிள்ளைங்களப் பத்தி ஒரு வார்த்த இல்ல."

எனக்கும் அந்த இடத்துக்குப் பதில் தெரியாது. விளக்கவுரைகள் பலவும் புரட்டியிருக்கிறேன். எழுதியவர்களும் அந்த இடத்தில் கொஞ்சம் வேகமாகத்தான் போகிறார்கள்.

கிளம்பும்போது பொன்மணி கேட்டார். "வெள்ளிக்கிழம ஜெபத்த இங்கன வச்சிக்கிடுவமா? தேவசெய்தி நான் குடுக்கேன். அக்கா கண்டிப்பா வரணும்."

வெள்ளிக்கிழமை மறுபடி அதே வேன். அக்கா முன்சீட்.

"ஃப்ரேம மாட்டிட்டாளா?"

"தெரியலக்கா."

"பொறவு என்னத்தப் பேசிட்டு வந்திய? பஸ்ஸுக்குச் செலவழிச்சதுதான் மிச்சம்."

நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தேன். அந்தப் பாதையில் பார்ப்பதற்கு வாழைத்தோப்பு நிறைய உண்டு.

பாட்டு, ஆரம்ப ஜெபம் எல்லாம் முடிந்ததும் பொன்மணி எழுந்தார். யார் பெயரையும் சொல்லவில்லை. கதையை ஆரம்பத்திலிருந்து சொன்னார். மூன்று சிநேகிதர்கள் தூரத்திலிருந்து வந்ததை, யோபுவைப் பார்த்து அழுததை, ஏழு நாள் ஒரு வார்த்தை பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்ததை.

"அது வரைக்கும் நல்ல மனுசங்கதான்," என்றார். "வாயத் தொறந்த பொறவுதான் கஷ்டம்."

யாரோ சிரித்தார்கள். பிறகு நாலாம் வசனத்தை வாசித்தார். சிரிப்பு நின்றது. அடுத்து ஏழாம் வசனம். எல்லோருக்கும் மனப்பாடமான வசனம். ஒருவரும் கூடச் சேர்ந்து சொல்லவில்லை. அப்புறம் கடவுளின் கோபம்.

அக்கா சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"எட்டாம் அதிகாரத்தத் திருப்பித் திருப்பி வாசிச்சேன். என் மவன் எதுக்குச் செத்தான்னு அதுல இல்ல. அந்த மூணு பேருக்கும் தெரியல. எனக்கும் தெரியாது. ஆத்தப் பாக்கப் போன பிள்ள. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

கொஞ்சம் தண்ணீர் குடித்தார்.

"கடைசில யோபு அவங்களுக்காக வேண்டிக்கிட்டாராம். வாங்க, முட்டி போடுவோம்."

அக்காவுக்கு மூட்டுவலி. முட்டி போடுவதை விட்டுப் பல வருஷமாகிறது, நாற்காலியிலேயே தலையைக் குனிந்துகொள்வார். அன்று நாற்காலியைப் பிடித்து, பைய, ஒரு காலாக இறக்கி, முட்டி போட்டார்.

பொன்மணி ஒவ்வொருவர் பெயராகச் சொல்லி ஜெபித்தார். வேதமணி அக்காவின் மூட்டு. துபாயிலிருந்து போன் பண்ணாத அவர் மகன். என் ரத்தக்கொதிப்பு. ஒருவரையும் விடவில்லை. பிறகு சொன்னார்:

"இவங்க பேசுனது தப்பா இருந்தாலும், வந்தாங்க ஆண்டவரே. வராதவங்க எத்தனயோ பேர். இவங்க வந்தாங்க. இவங்கமேல கோபம் வைக்காதீங்க. எனக்கும் அத எடுத்துப் போடுங்க."

ஆமென் சொன்னோம். கோபம் கர்த்தருக்கு மட்டும் இருந்திருக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

எல்லோரும் எழுந்தோம். அக்காவால் எழ முடியவில்லை.

"ஏட்டி, கையக் குடு."

பொன்மணி இரண்டு கையையும் கொடுத்துத் தூக்கினார். நின்ற பிறகும் அக்கா அந்தக் கையை விடவில்லை. மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. அது அவருக்கு வராது. "காப்பி போடுதியாட்டி?" என்று மட்டும் கேட்டார்.

பிறருக்காக ஜெபிப்பதில் நாங்கள் எல்லோரும் கைதேர்ந்தவர்கள். ஒருவர் நமக்காக ஜெபிக்கும்போது முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்பதுதான்... யாருக்கும் தெரியவில்லை.