ஐந்து வயதுத் தெலுங்கில் ஒரு வாடகை வீடு

பேச்சிலர் என்றதும் ஐந்து வீடுகளில் மறுத்துவிட்டார்கள். இன்று சின்ன காஞ்சிபுரத்தில் ஆறாவது வீடு. தெலுங்கு பேசுகிறவர்களுக்குத்தான் தருவார்களாம்.

எங்கள் வீட்டிலும் தெலுங்குதான். நான் பள்ளியில் சேர்ந்ததும் எல்லோரும் தமிழுக்கு மாறிவிட்டோம். என் தெலுங்குக்கு இன்னும் ஐந்து வயது.

என்ன வேலை என்று வீட்டுக்கார அம்மா தெலுங்கில் கேட்டார். ஆராய்ச்சி என்பதற்கு என்னிடம் சொல் இல்லை.

"ஸ்கூலுக்குப் போறேன்" என்றேன், தெலுங்கில்.

சாப்பாட்டுக்கு?

"மம்மு நானே சாப்பிடுவேன்."

அவர் சிரித்துக்கொண்டே கணவரிடம் தமிழில் சொன்னார்: "கொயந்த மாதிரி பேசிக்கினு இருக்குதுபா. இதுக்கு இன்னா கெட்ட பழக்கம் இருக்கப் போவுது?"

சாவி கிடைத்துவிட்டது.

இப்போது குழாயில் தண்ணீர் வரவில்லை. தமிழில் புகார் சொன்னால் எனக்கு இருபத்தெட்டு வயதாகிவிடும். தெலுங்கில் என்றால் அழத்தான் தெரியும்.

எது உத்தமம், சொல்லுங்கள்.