றபீக் சொன்ன சாட்சி

நான் றபீக்கை ஏமாற்றிவிட்டேன் என்றுதான் முப்பது வருடங்களாக நம்பிக்கொண்டிருந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது, மறைப்பானேன்.

முதலாம் வகுப்பில் ஒரே வாங்கில் உட்கார வைக்கப்பட்டவர்கள் நாங்கள். கல்முனையில் எங்கள் வீடுகளுக்கு நடுவே மூன்று வளவுகள்தான். கணக்கு எனக்கு வரும், அவனுக்கு வராது. உண்மை பேசுவது அவனுக்கு வரும், எனக்கு வராது. இப்படியே ஒருவரை ஒருவர் சமாளித்துக்கொண்டு ஐந்தாம் வகுப்பு வரை வந்துவிட்டோம்.

அந்த வருடம் நோன்புக்குப் பள்ளிக்கூடம் விடுமுறை. காலையில் எங்களுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுத்த லெவ்வை, முப்பது நோன்பையும் முழுதாகப் பிடிக்கிற பையனுக்கு ஒரு கைக்கடிகாரம் தருவதாக அறிவித்தார். அக்கரைப்பற்றில் கடை வைத்திருந்த அவருடைய மச்சான் கொடுத்தது. கறுப்புப் பட்டி, பொத்தானை அழுத்தினால் உள்ளே வெளிச்சம் எரியும். பத்தாம் நோன்புக்குள் பாதிப் பேர் கழன்றுகொண்டார்கள். இருபதுக்குப் பிறகு நானும் றபீக்கும் மட்டும் மிஞ்சினோம்.

இருபத்தாறாம் நோன்பு. கடற்கரையில் காலை முழுக்கக் கிரிக்கெட் அடித்துவிட்டு நடுப்பகல் லுஹர் தொழப் பள்ளிவாசலுக்கு வந்தேன். நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவி வுளூச் செய்கிற தண்ணீர்த் தொட்டியடியில் யாருமில்லை. இடது பக்கம் பார்த்தேன், வலது பக்கம் பார்த்தேன். இரண்டு கைகளாலும் அள்ளி மூன்று தரம் குடித்தேன். அப்படி ஒரு ருசியான தண்ணீரை அதற்குப் பிறகு நான் குடித்ததில்லை. நிமிர்ந்து திரும்பினால், முதுகுக்குப் பின்னால் தூணடியில் றபீக் தொப்பியைக் கையில் பிடித்தபடி நிற்கிறான்.

"மறந்துட்டியா மச்சான்?" என்று கேட்டான்.

நோன்பிருப்பது நினைவில்லாமல் ஒருவன் சாப்பிட்டாலும் குடித்தாலும் நோன்பு முறியாது. எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சட்டம் இது. நான் தேடாமலே கையில் வந்து விழுந்தது.

"ஓம்டா, மறந்துட்டன். நல்லவேளை நீ ஞாபகப்படுத்தின."

"மறந்தா ஒண்டுமில்ல. வா, தொழுவம்."

முப்பதாம் நோன்பன்று பின்னேரம் லெவ்வை எங்கள் இருவரையும் மற்றப் பிள்ளைகளுக்கு முன்னால் நிறுத்தினார். ஒருவன் தன் நோன்பைப் பற்றித் தானே சொல்வதை அவர் ஏற்கமாட்டார்.

"உன்ட நோன்புக்கு இவன் சாட்சி, இவன்ட நோன்புக்கு நீ சாட்சி. அல்லாஹ்வுக்குப் பயந்து கதைக்கணும்," என்றார்.

றபீக்கின் முப்பது நோன்புக்கும் நான் சாட்சி சொன்னேன். அதில் ஒரு கஷ்டமும் இருக்கவில்லை. பிறகு அவனுடைய முறை வந்தது. 'இல்லை' என்று ஒரு சொல் சொன்னால் போதும், கடிகாரம் அவனுக்குத்தான்.

"ஒரு நாள் தண்ணி குடிச்சான் லெவ்வ. மறந்துபோய்த்தான் குடிச்சான். நான் பக்கத்துலதான் நிண்டன். மறந்தா முறியாதுதானே?"

"முறியாது, முறியாது!" லெவ்வைக்குப் பெரிய சந்தோஷம். தான் படிப்பித்த சட்டம் ஒரு மண்டையிலாவது ஏறியிருக்கிறதே. இரண்டு பேருக்கு ஒரு கடிகாரம் என்பதால் சீட்டுக் குலுக்கினார். என் பெயர் வந்தது.

பெருநாளன்று அதைக் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனேன். றபீக் கூடவே வந்து ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம், "மணி என்ன மச்சான்?" என்று கேட்டான். பாவம், ஆசைப்படுகிறான் என்று ஒவ்வொரு தரமும் வெளிச்சத்தை எரியவிட்டுக் காட்டினேன். இவனைப் போல ஓர் அப்பாவி ஊரில் இல்லை என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன்.

முப்பது வருடம் கழித்து, என் மகன் முதல் நோன்பு பிடித்த நாள். நடுப்பகலில் அவன் பிரிட்ஜ் பக்கம் போவதைப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கதவைத் திறப்பதற்கு முன் இடமும் வலமும் பார்த்தான். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மறந்து குடிக்கிறவன் எதற்குச் சுற்றுமுற்றும் பார்க்கிறான்? அன்று தூணடியில் நின்றவன் நான் இடமும் வலமும் பார்த்ததையும் கண்டுதானே இருப்பான்! கண்ட பிறகுதான் "மறந்துட்டியா" என்று கேட்டிருக்கிறான். பொய்யே வராத அந்தப் பையன், தனக்கே வரவேண்டிய கடிகாரத்தில் எனக்கும் பங்கு விட்டுக்கொடுத்து, லெவ்வைக்கு முன்னால் நோன்போடு பொய் சொல்லியிருக்கிறான். பத்து வயதில் எனக்கு இது விளங்கவே இல்லை. மகனை அதட்ட எழுந்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அதற்குப் பிறகும் பத்து வருடம் கிடைத்தது. வெள்ளிக்கிழமை தவறாமல் அவனுடைய மோட்டார் சைக்கிளில் ஒலுவிலுக்கு மீன் வாங்கப் போவோம். உலகத்திலுள்ள எல்லாக் கதையும் கதைத்தோம், இதைத் தவிர. நான் வாய் செத்தவன் அல்ல. ஊரில் ஒரு பிணக்கு என்றால் பேசித் தீர்க்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். இதை மட்டும் நாளைக்குச் சொல்லலாம் என்று வைத்திருந்தேன். போன மாதம் ஒரு காலையில் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் றபீக்கின் ஜனாஸாவை அறிவித்தார்கள். நெஞ்சுவலி என்று படுத்தவன் எழும்பவில்லையாம்.

ஜனாஸாத் தொழுகைக்கு முன் அவனுடைய மூத்த மகன் வழக்கப்படி எல்லோரையும் பார்த்துத் திரும்பி நின்றான்.

"எங்கட வாப்பா ஆருக்கும் ஏதும் குறை செஞ்சிருந்தா அல்லாஹ்வுக்காக மன்னிச்சிருங்க."

"மன்னிச்சிட்டம்," என்றது கூட்டம். எனக்கு அந்தச் சொல் வாயில் வரவில்லை. மன்னிக்க அவன் எனக்கு என்ன செய்தான்? உயிரோடிருப்பவன் மையித்திடம் மன்னிப்புக் கேட்கிற வழக்கம் எங்கள் ஊரில் இல்லை. முதல் வரிசையில் நின்றபடி நான் கேட்டேன். பக்கத்தில் நின்றவர் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும்.

"நான் மறக்கல்ல மச்சான். தெரிஞ்சிதான் குடிச்சன்."