மஞ்சள் மாத்திரையில் என்ன இருந்தது?

பெரிய பழுப்பு மாத்திரை ஒன்று, சின்ன மஞ்சள் மாத்திரை ஒன்று. எழுபதுகளின் கடைசியில் நான் தாதியாக இருந்த மனநல கிளினிக்கில், மனச்சோர்வுக்கு வந்தவர்களில் சம்மதித்தவர்களுக்கு இரண்டையும் சேர்த்துக் கொடுத்தோம். பழுப்பு எல்லோருக்குமே சோர்வை நீக்கும் நிஜ மருந்து. விஷயம் மஞ்சளில்தான். சிலருக்கு அது பதற்றத்தை அடக்கித் தூங்கவைக்கும். மற்றவர்களுக்கு வெறும் மாவு. பழுப்பு மட்டும் போதுமா, துணைக்கு இன்னொன்று வேண்டுமா என்று பார்க்கிற சோதனை. யாருக்கு எது என்பது அங்கிருந்த சீன டாக்டருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அடுத்த வீட்டுக் குழம்பில் என்ன மீன் என்று தெரியாவிட்டாலே சோறு இறங்காதவள் நான். என்னிடம் போய் இப்படி ஒரு வேலை!

அப்போது வந்தவர் தையல்கார அக்கா. சிராங்கூன் ரோட்டில் ரவிக்கை தைத்தவர். பிள்ளை பெற்றபின் ஊசியைத் தொடவில்லை, பேசவில்லை, தூங்கவில்லை. கைக்குழந்தையை நாத்தனார் காத்தோங்கில் இருந்த தன் வீட்டுக்குத் தூக்கிப்போய்விட்டார். அக்கா தேறினால்தான் பிள்ளை திரும்பி வரும் என்று பேச்சு.

மாத்திரை தொடங்கிக் கொஞ்ச நாளில் அக்கா தூங்கினார். கை நடுக்கம் நின்றது. புருஷனுக்குத் தலைகால் புரியவில்லை. டாக்டரின் கேள்விகளை நான் தமிழில் கேட்கக் கேட்க, பதில்கள் எல்லாம் நல்லதாகவே வந்தன. மஞ்சள் நிஜம்தான் என்று எனக்குள் பந்தயமே கட்டினேன். ஆனால் அக்கா முகம் மட்டும் தெளியவில்லை. ஏன் என்று துருவிக் கேட்டேன்.

நாத்தனார் ஓர் இரவு பிள்ளையைக் கொண்டுவந்து பக்கத்தில் போட்டிருக்கிறார். அது வீறிட்டு அழுதும் அக்கா அசையவில்லை. விடிந்ததும், இவளை நம்பி எப்படி விடுவது என்று மறுபடி தூக்கிப்போய்விட்டார்.

"எனக்குத் தூக்கம் வேணாம் மிஸ்ஸி. பிள்ளை அழுதா காதுல விழணும். அந்தச் சின்ன மாத்திரையில என்னன்னு டாக்டரைக் கேட்டுச் சொல்லுங்க."

நாங்கள் தூக்கத்தை நல்ல பதிலாக எழுதிக்கொண்டிருந்தோம். சுகம் என்பது யார் கணக்கில் என்று அன்றுதான் யோசித்தேன். டாக்டரிடம் சொன்னதும் பேனாவை மூடி வைத்தார். பிறகு அக்காவைச் சோதனையிலிருந்து விடுவித்து, அவருக்கு எது என்று மூடி வைத்திருந்த விவரத்தைத் திறந்தார். மஞ்சள் நிஜம்தான். பந்தயத்தில் ஜெயித்தும் எனக்குச் சந்தோஷம் வரவில்லை. பழுப்பைத் தொடர்ந்து கொடுத்து, மஞ்சளை மெல்ல மெல்லக் குறைத்து நிறுத்தினார். மறுபடி பழைய நிலைக்கே போய்விடுவாரோ என்று எனக்கு உள்ளூரப் பயம்.

சில மாதம் கழித்து, கண் சிவந்து, தலை கலைந்து வந்தார். இடுப்பில் பையன். அவர் தாலிச் சங்கிலியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். நான் வழக்கம்போல, தூக்கம் எப்படி என்று கேட்டேன்.

"எங்க மிஸ்ஸி, ராத்திரி பூரா இவன் விட்டாத்தானே லா," என்று சொல்லிச் சிரித்தார்.