கோவிந்தாபுரம் கஞ்சிப் பந்தலின் ரெபேக்காள் அம்மாள்

ரெபேக்காள் அம்மாளை அறிந்தவர்கள் இன்னும் பலர் இருக்கிறார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். அவர் வேலை பார்த்த சங்கத்தின் கணக்கை நெடுங்காலம் எழுதியவன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி இல்லை. எழுத்து வழிதவறாமல் இருக்க, சொல்ல வேண்டியவற்றை முதலில் வரிசைப்படுத்திக்கொள்கிறேன்.

1. செய்தி வந்த விதம்.
2. கஞ்சிப் பந்தலும், அங்கே அம்மாள் கேட்ட கேள்வியும்.
3. மீட்புப் பணம் கொடுத்ததும், நிறுத்தியதும்.
4. அம்மாளுக்குப் பயம் என்பதே கிடையாது என்பது. சான்று: வண்டியில் ஏறிய நாள்.
5. அதற்குப் பிறகு சங்கத்தின் வரவு செலவு.

போன வெள்ளிக்கிழமை காலை கொல்லங்கோட்டு மோட்டார் கல்பாத்தியில் எங்கள் அக்கிரகாரத்தின் தெருக்கோடியில் வந்து நின்றது. வழக்கமாக அது அங்கே நிற்பதில்லை. டிரைவர் இறங்கி, தெருவுக்குள் வராமல் அங்கிருந்தே குரல் கொடுத்தார். "சாமி, கோவிந்தாபுரத்து அம்மா போயிட்டாங்க. படுத்தவங்க எந்திரிக்கலீங்க. வர்றீங்கன்னா நிறுத்தி வெக்கறேன்." நான் உள்ளே போய்க் குடையைத் தேடி எடுத்து வரும்வரை மோட்டாரில் இருந்த ஒருவரும் முணுமுணுக்கவில்லை. வழியில் ஏறியவர்களிடமெல்லாம் டிரைவர் டிக்கெட் கேட்பதற்கு முன்னால் இந்தச் செய்தியைத்தான் சொன்னார். கல்லறைத் தோட்டத்தில் மாட்டுவண்டிக்காரர்கள் நிறையப் பேர் நின்றார்கள். ஒரு காலத்தில் அம்மாளைக் கண்டதும் மாட்டை விரட்டிப் பந்தலைத் தாண்டிவிடப் பார்த்தவர்களும் அவர்களில் இருந்தார்கள்.

அம்மாள் கோயம்புத்தூர்ப் பக்கம் பிறந்தவர். ஒரு கிறிஸ்தவ உபதேசியாரின் மனைவி. கணவர் காலமான பிறகு மிஷன் பள்ளியில் பாடம் சொல்லிக்கொண்டிருந்தவரைச் சங்கம் கோவிந்தாபுரத்துக்கு அனுப்பியது. மலைத் தோட்டங்களுக்கு ஏமாற்றிக் கொண்டுபோகப்படும் பெண்களை வழியிலேயே கண்டுபிடித்து மீட்பதும், திரும்பிப் போக வீடில்லாதவர்களை இல்லத்தில் வைத்துக் காப்பதும் சங்கத்தின் வேலை. தோட்டங்களுக்கு ஆள் சேர்த்துக் கொண்டுபோகிறவன் கங்காணி. ஆளுக்கு இவ்வளவு என்று முன்பணம் கொடுத்துக் கூட்டிப்போவான். தெரிந்தே போகிறவர்கள் உண்டு. மழை பொய்த்த வருஷங்களில் குடும்பம் குடும்பமாகப் போனார்கள். ஆனால் மாமனாரோ கொழுந்தனோ முன்பணத்தை வாங்கி மடியில் கட்டிக்கொண்டு, சந்தைக்கு, திருவிழாவுக்கு என்று சொல்லிப் பெண்ணை வண்டியேற்றிவிடுவதும் உண்டு. மலை ஏறிய பின் அந்தக் கடன் தீராமல் இறங்க முடியாது. கடனும் தீராது. ஒரு கங்காணி இன்னொரு கங்காணியிடம் கடனோடு சேர்த்து ஆளையும் கைமாற்றிவிடுவான்.

பொள்ளாச்சிப் பக்கமிருந்து நெல்லியாம்பதி மலைக்குப் போகும் வண்டிகள் கோவிந்தாபுரத்தில் மாடவிழ்த்து இளைப்பாறும். அந்த இடத்துக்கு எதிரே அம்மாள் பந்தல் போட்டார். கேழ்வரகுக் கஞ்சி, நீர்மோர், ஒரு துண்டு மாங்காய். கங்காணிகள் வேதக்காரி கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்கமாட்டார்கள். குடித்தது தெரிந்தால் ஊரில் பந்தியில் இடம் கிடைக்காது. ஆகவே அவர்கள் ஆலமரத்தடியிலேயே உட்கார்ந்திருப்பார்கள். வண்டியில் வந்த பெண்களுக்கோ எந்த ஊரிலும் எந்தப் பந்தியிலும் இடம் இருந்ததில்லை. இழக்க ஒன்றும் இல்லாததால் நேராகப் பந்தலுக்கு வந்துவிடுவார்கள். கங்காணியின் ஆசாரம் இப்படி அம்மாளுக்கு அரைமணி நேரம் வாங்கிக் கொடுத்தது.

மாதம் ஒருமுறை கணக்குப் பார்க்கப் போகும் நானும் வீட்டிலிருந்து செம்பில் கொண்டுபோன தண்ணீரோடு அதே ஆலமரத்தடியில்தான் உட்காருவேன். அம்மாள் பந்தலிலிருந்தே கேட்பார்: "கணக்கய்யரும் கங்காணியும் ஒரே நெழல்ல உக்காந்திருக்கீங்களே, ஆருக்கு ஆருங்க காவல்?"

"என்ன பண்றதும்மா, ஆத்துல தெரிஞ்சா சமையக்கட்டுக்குள்ள விடமாட்டா" என்பேன்.

"அப்ப அங்கியே இருங்க சாமி. கங்காணி இந்தப் பக்கம் வராமப் பாத்துக்குங்க" என்று சொல்லி அகப்பையைத் தட்டுவார்.

பந்தலில் அவர் யாரிடமும் "எங்கே போகிறாய், யார் கூட்டிப்போகிறார்கள்" என்று கேட்டதில்லை. அப்படிக் கேட்டால் பயந்து வாயை மூடிக்கொள்வார்கள். கஞ்சி ஊற்றும்போது போகிறபோக்கில் ஒன்று கேட்பார்: "கோழியெல்லாம் ஆருகிட்ட உட்டுட்டு வந்தீங்க அம்மிணி?" தெரிந்து கிளம்பியவள் உடனே பதில் சொல்வாள்: விற்றுவிட்டேன், அக்காளிடம் கொடுத்துவிட்டேன், அடித்துத் தின்றுவிட்டோம். ஏமாற்றிக் கொண்டுவரப்பட்டவள் விழிப்பாள். "ஊட்லதான் கெடக்குதுங்க. பொழுதோட போயிருவமில்ல?" அம்மாள் அவளுக்கு இன்னொரு அகப்பை ஊற்றிவிட்டுப் பக்கத்தில் உட்காருவார். படிப்பு அதிகம் உள்ள நாங்கள் கமிட்டியில் கேள்வித்தாள் ஒன்று தயாரித்து அனுப்பினோம். அதை அவர் அடுப்பு மூட்டப் பயன்படுத்தியதாகப் பின்னால் தெரிந்தது.

இனி மூன்றாவது விஷயம். அப்படி ஒரு பெண் அகப்பட்டால், அவள் பேரில் கொடுத்த முன்பணத்தைக் கங்காணி கேட்பான். சங்கம் அதைக் கட்டி அவளை இறக்கிக்கொள்ளும். கணக்கில் இதற்கு மீட்புப் பணம் என்று தனித் தலைப்பு. கடல் கடந்த ஊர்களில் இருந்த தர்மவதிகளுக்கு, ஒரு பெண்ணை விடுவிக்க இன்ன தொகை என்று எழுதினால் அடுத்த கப்பலிலேயே பணம் வந்துவிடும். அரிசிக்கு வேண்டும், கூரை ஒழுகுகிறது என்று எழுதினால் ஆசீர்வாதம் மட்டும் வரும். மலையில் தோட்டம் வைத்திருந்த சில துரைமாரும் இந்தத் தலைப்புக்கென்றே நன்கொடை கொடுத்தார்கள். உண்மையில் மீட்புப் பணத்தில் மிஞ்சியதைக் கொண்டுதான் இல்லத்தில் உலை கொதித்தது. இது கமிட்டியில் எல்லோருக்கும் தெரியும்; வேறு வழி இல்லை என்றும் எல்லோரும் ஒப்புக்கொண்டிருந்தோம்.

ஒரு கோடையில், பந்தலில் ஒரு பெண்ணிடம் அம்மாள் வழக்கம்போல் கோழியைப் பற்றிக் கேட்டார். அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "எல்லாம் வித்தாச்சுங்க. கஞ்சி ஊத்தற அம்மா பணங்கட்டி எறக்கிக்குவாங்கன்னு கங்காணி சொல்லித்தானுங்க கூட்டியாந்தாரு. மலைக்குன்னா நான் வந்தே இருக்கமாட்டேன்."

அம்மாள் அடுத்த மோட்டாரைக்கூட எதிர்பார்க்காமல் கட்டைவண்டி பிடித்துப் பாலக்காட்டுக்கு வந்தார். கமிட்டி கூடியது. தலைவராயிருந்த வெள்ளைக்காரப் பாதிரியார் நல்லவர். தமிழைப் புத்தகத்தில் கற்றவர். "பணம் கொடாவிட்டால் அந்த ஸ்திரீ மலைக்குப் போய்விடுவாள் அல்லவா, அம்மாள்?" என்று கேட்டார்.

"போவாளுங்க. அதுக்கு வேற வழி தேடோணும். நாம மடியில பணத்தை வெச்சுட்டு நிக்கறம்னு தெரிஞ்சுதான் இப்ப நம்மகிட்ட விக்கறதுக்குன்னே பொம்பளைங்களக் கூட்டியாறாங்க. தோட்டத்துக்காரங்களவிட நாமதான் கைமேல காசு குடுக்கறம். மலை ஏத்தற செலவும் அவனுக்கு மிச்சம்."

நான் எழுந்து, இந்தத் தலைப்பை நிறுத்தினால் இல்லத்துக்கு அரிசி வாங்க முடியாது என்று கணக்கைப் படித்தேன். அம்மாள் முழுவதையும் கேட்டார். "அரிசி இல்லைன்னா ராகி திங்கறோமுங்க" என்றார். கமிட்டி எதையும் தீர்மானிக்கவில்லை. தலைப்பு இருக்கட்டும், கொடுப்பதும் கொடாததும் அம்மாளின் விருப்பம் என்று கலைந்தது.

அடுத்த முறை நான் கோவிந்தாபுரம் போனபோது கைப்பையில் மீட்புப் பணம் இருந்தது. வந்து நின்ற வண்டியில் மாரக்காள் என்ற இளம்பெண் இருந்தாள். புருஷன் செத்து ஒரு வருஷம் ஆகவில்லை. பொள்ளாச்சிச் சந்தைக்குப் போய் வரலாம் என்று கொழுந்தன் சொல்லி ஏற்றிவிட்டிருந்தான். கோழியைப் பற்றிக் கேட்டதும், "கோழிய உடுங்கம்மா, கொழந்தைய பக்கத்தூட்ல தூங்கவெச்சுட்டு வந்தேன். நேரமாச்சு, பாலுக்கு அழுதுட்டிருக்கும்" என்றாள். அவள் ரவிக்கை நனைந்திருந்ததை மரத்தடியில் இருந்த நானே பார்த்தேன். அம்மாள் சொன்ன பிறகுதான் வண்டி போய்க்கொண்டிருந்த திசை அவளுக்குத் தெரிந்தது.

கங்காணி ராக்கியண்ணன் அவசரப்படவில்லை. வெற்றிலையை மடித்துக்கொண்டே, "வழக்கமானதத்தான் கேக்கறனுங்கம்மா. அய்யரும் பையோட வந்திருக்காரு" என்றான்.

"இனி பணம் இல்லீங்க கங்காணி. இன்னைக்கும் இல்ல, நாளைக்கும் இல்ல."

"அப்ப வண்டி மலைக்குத்தானுங்க போகும்."

நான் எழுந்துபோய், "அம்மா, பச்சக் கொழந்தை. இந்த ஒரு தடவை மட்டும் கொடுத்துடலாமே" என்றேன். பையின் வாரை அவிழ்க்கத் தொடங்கியிருந்தேன்.

"ஒரு தடவை, ஒரு தடவைன்னுதானுங்க சாமி எல்லாத் தடவையும் குடுத்தோம். பையக் கட்டுங்க" என்றார். பிறகு கஞ்சிச் சட்டியை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு வண்டியில் மாரக்காளுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். "எம் பேரையும் எழுதிக்குங்க கங்காணி. நானும் மலைக்கு வாறன். இந்தப் பிள்ளையோட பிள்ளைக்கு ஊர்ல ஆரு பால் குடுப்பாங்கன்னு தொரைகிட்டயே கேக்கறன்."

வண்டிக்காரன் தலையைச் சொறிந்தான். "அம்மா ஏறுனா பாரம் கூடுமுங்களே."

"பாரத்துக்குத் தக்கன கங்காணி எறங்கிக்குவாரு, நீ ஓட்டுடா கண்ணு."

அப்படியேதான் நடந்தது. கஞ்சிச் சட்டி இருக்கும் வண்டியில், அம்மாளோடு தோள் இடிக்க ராக்கியண்ணன் எப்படி உட்காருவான்? வண்டி முன்னே போக, உச்சி வெயிலில் அவன் பின்னால் நடந்தான். எதிரே வந்தவர்களெல்லாம், "என்னுங்க கங்காணி, வண்டிக்கு வாடகை குடுத்துட்டு நடந்து வாறீங்க?" என்று கேட்டார்கள். அம்மாள் ஒவ்வொருவருக்கும் காரணத்தை விளக்கிக்கொண்டே போனார். கொல்லங்கோட்டுக் கடைவீதியில் கூட்டம் சேர்ந்துவிட்டது. "எறங்கித் தொலைங்க" என்று கடைசியில் ராக்கியண்ணனே சொல்லிவிட்டானாம். அம்மாளும் மாரக்காளும் கோவிந்தாபுரத்துக்கு நடந்தே திரும்பினார்கள். நான் அதுவரை பையை மடியில் வைத்துக்கொண்டு ஆலமரத்தடியில் இருந்தேன். மறுபடியும் வண்டி பிடித்து மாரக்காளின் ஊருக்குப் போய்க் குழந்தையை எடுத்து வந்தார் அம்மாள். எனக்கு எதைக் கண்டாலும் பயம்: கமிட்டி, கங்காணி, தணிக்கைக்காரர், இடி. அம்மாளுக்குப் பயமே தெரியாது என்பதை அன்று கண்ணால் கண்டேன் என்று பலரிடமும் சொல்லி வந்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு, விற்பதற்கென்றே பெண்களைக் கொண்டுவருவது நின்றது. வரவும் நின்றது. தோட்டத்துத் துரைமார் நன்கொடையை நிறுத்தினார்கள். தன் பணத்தில் விடுதலையான பெண்ணின் புகைப்படத்தைக் கேட்டிருந்த ஒரு தர்மவதிக்கு, "அவள் இப்போது யாருக்கும் சொந்தமல்ல, அதனால் அனுப்புவதற்கில்லை" என்று பதில் எழுதச் சொன்னார் அம்மாள். நான் கொஞ்சம் மென்மையாக்கி எழுதினேன். அப்படியும் அங்கிருந்து பிறகு கடிதம் வரவில்லை. இல்லத்தில் எருமை வளர்த்தார்கள், பாய் முடைந்தார்கள், சொன்னபடியே ராகி தின்றார்கள். போடி வழியாகத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போகும் பாதையிலும் ஒரு பந்தல் போட வேண்டும் என்று அம்மாள் ஆசைப்பட்டார். அதற்குக் கடைசிவரை பணம் சேரவில்லை. பணம் தராமல் வண்டிகளை நிறுத்திப் பெண்களை இறக்குவது எல்லா நாளும் பலிக்கவும் இல்லை. மலைக்குப் போய்விட்டவர்களின் பெயர்களை அவர் காலை ஜெபத்தில் சொல்லுவார் என்று இல்லத்தார் சொல்கிறார்கள்.

இவ்வளவும் எழுதி முடித்த பிறகு, பிழை இருந்தால் திருத்த வேண்டும் என்று நேற்று கோவிந்தாபுரம் போய் மாரக்காளிடம் படித்துக் காட்டினேன். இப்போது இல்லத்துச் சமையல் அவள் பொறுப்பு. அன்று எடுத்து வந்த குழந்தை பள்ளிக்கூடத்தில் வாத்தியாரம்மா. கையில் மாவு ஒட்டியிருக்க நின்றபடியே கேட்டாள். ராக்கியண்ணன் நடந்த இடத்தில் சிரித்தாள். பிறகு சொன்னாள்:

"எல்லாம் செரிதானுங்க சாமி. அம்மாவுக்குப் பயமில்லைன்னு எழுதியிருக்கீங்களே, அது மட்டும் நெசமில்லீங்க. வண்டி நகந்ததும் அம்மா என்ற கையப் புடிச்சாங்க. எனக்குத் தெகிரியம் சொல்றதுக்குன்னு நெனச்சேன். கொல்லங்கோடு வாற வரைக்கும் அந்தக் கை நடுங்கறது நிக்கவே இல்லீங்க. வாய் பாட்டுக்குப் பேசுது, கை பாட்டுக்கு நடுங்குது. கங்காணி பாத்துருவான்னு நாந்தான் முந்தானையப் போட்டு மூடிட்டு வந்தேன்."

நான் காகிதங்களை மடித்தேன். அவள் உள்ளே போய் ஒரு டம்ளர் நீர்மோர் கொண்டுவந்து கொடுத்தாள். வாங்கிக் குடித்தேன்.

பயமே அறியாத ஒருவரைத் தூரத்திலிருந்து வியக்கத்தான் என்னால் முடிந்தது. அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள என்னைப் போன்றவனுக்கு ஒன்றும் இருக்கவில்லை. முந்தானைக்குக் கீழே நடுங்கிக்கொண்டிருந்த அந்தக் கையை நான் எடுத்துக்கொள்கிறேன். எனக்கு மிச்சமிருக்கும் நாட்களுக்கு அது உதவும். மேலே நான்காவதாக நான் எழுதியது தவறு.