அந்த வண்டிக்குக் கடைசியாக வயர் இழுத்தது சேகர் அண்ணன் இல்லை

சேகர் அண்ணன் போய்விட்டார். நேற்றுக் காலை கடை ஷட்டரைத் தூக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்தான்... அடுத்த தெருவில் ஆஸ்பத்திரி. தூக்கிக்கொண்டு ஓடியும் பிரயோஜனமில்லை.

புத்தூரில் கார் ஆடியோ என்றால் நிறைய பேருக்கு அவரைத் தெரியும். என் அக்ரிலிக் கட்டிங் கடைக்குப் பக்கத்துக் கடை. ஸ்பீக்கர், சவுண்டைக் கூட்டுகிற ஆம்ப், வயரிங் அவர் வேலை. டிக்கியில் அதையெல்லாம் மூட, கண்ணாடி போல உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் ஷீட் வெட்டிக் கொடுப்பது நான்.

அழுதுகொண்டு எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். பயங்கரக் கோபத்தில் எழுதுகிறேன்.

நேற்றிலிருந்து நம் கார் குரூப்பில் ஒரே மெழுகுவத்திப் படம். "லெஜண்ட்"... "திருச்சிக்கே இழப்பு"... போன மாதம் இதே குரூப்பில் என்ன எழுதினீர்கள்? "அந்தக் கடைப் பக்கம் போயிடாதீங்க, வண்டியைக் கொளுத்திடுவான்." கொளுத்திடுவானாம். ஐம்பது தாண்டிய மனுஷனை அவன் இவன் என்று!

விஷயம் தெரியாதவர்களுக்கு: துவாக்குடிப் பக்கம் ஒரு கார் டிக்கியில் தீப்பிடித்தது. நல்லவேளை, யாருக்கும் காயமில்லை. பின் கண்ணாடியில் சேகர் அண்ணன் கடை ஸ்டிக்கர் இருந்தது. உங்களுக்கு அது போதும்.

அவர் வயர் வாங்குகிற லட்சணத்தைப் பார்த்திருக்கிறீர்களா? முனையை பிளேடால் சுரண்டுவார். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் கவுண்டரிலேயே விட்டெறிவார். "மேல செம்பு பூச்சு, உள்ள அலுமினியம். இதை எவன் தலையில கட்டப் பாக்குறீங்க?" எலக்ட்ரிக்கல் கடையில் இவரைக் கண்டாலே டீ குடிக்கக் கிளம்பிவிடுவார்கள்.

என்னிடமும் தினம் சண்டைதான். "ஏம்மா விமலா, ஷீட்டுல கோடு இருக்கு பாரு."

"கோடு உங்க மூக்குக் கண்ணாடியில இருக்குண்ணே."

கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி பார்ப்பார். கோடு இல்லை என்று தெரிந்தாலும் ஒத்துக்கொள்ள மாட்டார். "இன்னிக்கி வெளிச்சம் சரியில்ல" என்பார். மகா வீம்பு.

அப்புறம் அந்த வழக்கம். புது ஷீட்டின் இரண்டு பக்கமும் ஒரு பேப்பர் ஒட்டியிருக்கும். மேல் பக்கப் பேப்பரை அண்ணன் உரிக்கவே மாட்டார். வண்டிக்காரர் வந்து தன் கையால் உரிக்க வேண்டும். "உள்ள ஒவ்வொரு வயரும் தெரியுதா? நல்லாப் பாத்துக்கங்க. மூடி வச்சு வேலை பாக்குற பழக்கம் நம்மகிட்ட இல்ல."

கைலாசபுரத்திலிருந்து வந்த ஒரு புருஷன் பெண்டாட்டி யார் உரிப்பது என்று சண்டையே போட்டார்கள். "ஆளுக்கு ஒரு முனையைப் பிடிங்க சார், எனக்கு வேற வேலை இல்லையா?" என்று இரண்டு பேருக்கும் திட்டு விழுந்தது. அந்தம்மா சிரித்துக்கொண்டே உரித்தது இன்னும் கண்ணில் நிற்கிறது...

எரிந்த வண்டிக்கும் முதலில் வேலை பார்த்தது அண்ணன்தான். மறுக்கவில்லை. ஆனால் கொஞ்ச நாளில் அந்த ஓனர் திரும்பி வந்தார். வயர் தெரிவது அசிங்கமாக இருக்கிறதாம், கறுப்புப் பலகை போட்டு மூடி லைட் வைக்க வேண்டுமாம், இன்னொரு ஆம்ப் வேறு வேண்டுமாம். "மூடுறதா இருந்தா நான் தொட மாட்டேன் சார்" என்று அண்ணன் அனுப்பிவிட்டார்.

ஓனர் வேறு கடைக்குப் போனார். எனக்கு எப்படித் தெரியும்? கழற்றிய ஷீட்டை எடுத்துக்கொண்டு என் கடைக்கே வந்து, வேறு யாருக்காவது ஆகுமா என்று கேட்டார். பெருமையாக வேறு சொன்னார். "சவுண்ட் ஏத்தினா ஃபியூஸ் போயிட்டே இருந்துச்சுங்க. புதுக் கடையில அதையும் தூக்கிட்டு டைரக்டா குடுத்துட்டாங்க."

ஃபியூஸ் இல்லாத வயர் சூடேறினால் எரியாமல் என்ன செய்யும்? அண்ணன் போட்ட ஷீட் கருகாமல் இன்னும் என் கடைச் சுவரில் சாய்ந்து நிற்கிறது. போட்டோ இந்தப் பதிவோடு இருக்கிறது. பார்த்துக்கொள்ளுங்கள்.

வண்டிக்கார சார், நீங்களும் இந்தக் குரூப்பில்தான் இருக்கிறீர்கள். அவரை அந்தக் கிழி கிழித்தபோது ஒரு வரி எழுத உங்களுக்கு வாயில்லை. நேற்று மெழுகுவத்தி போட மட்டும் கை வந்ததா? வெட்கமாக இல்லை?

அண்ணன் மேலும் கோபம்தான். அவர் மேல்தான் அதிகம். "போட்டோ எடுத்து குரூப்புல போட்டுடறேண்ணே" என்று நீங்கள் எழுதிய அன்றைக்கே சொன்னேன்.

"வேணாம் விமலா. அந்தப் புதுக் கடைக்காரன் இப்பதான் தொழில் ஆரம்பிச்சிருக்கான், புள்ளகுட்டிக்காரன். என் பேரு எங்கயும் போயிடாது."

போய்விட்டது அண்ணே. ஒரு மாதமாக வண்டியே வராமல் கடை வாசலில் ஸ்டூலைப் போட்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். உங்களுக்குச் சும்மா உட்காரவே தெரியாது. யாரிடம் நல்ல பெயர் வாங்க இவ்வளவு பெருந்தன்மை?

இன்று காலை ஸ்ரீரங்கத்தில் அவர் வீட்டிலிருந்து எடுத்தார்கள். ஆண்கள் எல்லோரும் கிளம்பிய பிறகு அண்ணி என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார். கதவைச் சாத்தினார்.

"விமலா, மறைக்காம சொல்லு. அந்த வண்டி இவராலதான் எரிஞ்சுதா?"

இந்த மனுஷன் வீட்டிலும் சொல்லவில்லை!

"நானும் கேட்டுப் பாத்தேன். 'அதை விடு'ங்கறாரு. இல்லைன்னு சொல்லவே இல்ல. அப்ப நான் என்னன்னு நினைக்கிறது?"

"இல்ல அண்ணி. சத்தியமா அவர் வேலை இல்ல" என்றேன். நடந்ததை எல்லாம் சொன்னேன்.

அதுவரை அழாமல் இருந்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "ஊரு பேசுறதை நானும் நம்பிட்டேனே... ஒரு மாசமா அவர்கிட்ட முகம் குடுத்துப் பேசலையே விமலா..."

போய் வாருங்கள் அண்ணே. உங்கள் மேல் இன்னும் கோபமாகத்தான் இருக்கிறது.