சேற்றில் சிக்கிய கங்காணி

ரப்பர் விலை விழுந்து தோட்டங்களில் ஆள் குறைத்துக்கொண்டிருந்த வருஷம் அது. காப்பாருக்கு அப்பால் ஒரு தோட்டத்தை விட்டுக் கிள்ளானை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு துணி மூட்டை, காலில் செருப்பு இல்லை, பின்னால் ஒரு நாய். நாயின் பெயர் கங்காணி. அந்தப் பெயரால்தான் எனக்கு வேலை போயிற்று.

விடியற்காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு எல்லாருக்கும் முன்னால் வந்து, வரிசையில் நிற்பவர்களைப் பார்த்துக் குரைக்கும் நாய் அது. அதனால் கூலிக் குடியிருப்பான லயத்து ஆட்கள் வைத்த பெயர். ஒரு நாள், "ஏய் கங்காணி, எச்சிலைய நக்காதே, வெளிய வா!" என்று கத்திவிட்டுத் திரும்பினேன். எங்களை வேலை வாங்கும் நிஜக் கங்காணி பின்னால் நின்றுகொண்டிருந்தார். ஆள் குறைக்க உத்தரவு வந்ததும் முதலில் யாரை நிறுத்தியிருப்பார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. போகட்டும். ஒரே இடத்தில் நிலைத்து நிற்கிற கால் எனக்கு எப்போதுமே கிடையாது.

நாய் என்றால் எனக்குப் பைத்தியம். பள்ளிக்கூடம் பாதியில் நின்றாலும் எழுத்துக் கூட்டிப் படிக்கும் ஆசை நிற்கவில்லை. தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி வீட்டிலிருந்து பழைய பத்திரிகை கிடைத்தால், நாயைப் பற்றி ஒரு வரியாவது இருக்கிறதா என்று முதலில் தேடுவேன். குளிர் தேசத்தில் நாய்கள் பனியில் வண்டி இழுப்பதைப் படித்து லயத்தில் சொன்னால், "ஒன் கங்காணி எதை இழுக்கும்? எங்க வீட்டுக் கருவாட்டைத்தான் இழுக்கும்!" என்பார்கள். அப்படிப் படித்ததில் ஒன்று மனதில் நன்றாகப் பதிந்துவிட்டது. நாய்க்கு நீச்சல் பிறவிக் குணம். எந்தத் தண்ணீரிலிருந்தும் தானாகக் கரையேறிவிடும் என்பது அது.

பெரிய ரோட்டில் போனால் ஒவ்வொரு லயத்து நாய்களும் கும்பலாகச் சண்டைக்கு வரும். துரை பங்களா நாய்கள் இன்னும் மோசம். ஆகவே கடலோரமாகப் போட்டிருந்த மண்கரை மேல் நடந்தேன். பிற்பகல் நேரம். கடல் வற்றி, சேற்றில் வேரூன்றி நிற்கும் பாக்காவ் மரங்களுக்கு அப்பால் கண்ணுக்கெட்டிய தூரம் சாம்பல் நிறச் சேறு. அதன் மேல் விரல் நீள மீன்கள் தத்தித் தத்தித் தாவிக்கொண்டிருந்தன. தரையில் ஓடுகிற மீனைக் கங்காணி எங்கே கண்டது! ஒரே பாய்ச்சல். நானும் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டேன். தண்ணீர் வந்தாலும் நீந்தி வரும் என்ற தைரியம். சேற்றைப் பற்றி அந்தப் பத்திரிகையில் ஒரு வார்த்தை இல்லை.

கொஞ்ச தூரம் லேசாக ஓடியது. பிறகு முன்கால் புதைந்தது. இழுத்தது, பின்கால் புதைந்தது. உதற உதற வயிறு வரை இறங்கிவிட்டது. குரைப்பு ஊளையாக மாறியதும் மூட்டையை எறிந்துவிட்டு ஓடினேன். நாயை எட்டிப் பிடிக்கிற தூரத்தில் என் தொடை வரை சேறு. காலைத் தூக்கப் பார்த்தால் கீழே யாரோ பிடித்து இழுப்பதுபோல் இருந்தது. அப்போதுதான் சலசலப்புக் கேட்டது. கடல் திரும்பி வந்துகொண்டிருந்தது! மெல்லிசான தண்ணீர் சேற்றின் மேல் பரவி, நாயின் மார்பைத் தொட்டது. நீந்தத் தெரிந்து என்ன பயன், கால் நாலும் சேற்றின் பிடியில் இருக்கும்போது? தொண்டை கிழியக் கத்தினேன்.

தூரத்தில் ஒரு மனிதர் சேற்றின் மேல் வழுக்கிக்கொண்டு வந்தார். கண்ணை நம்ப முடியவில்லை. நீளமான ஒரு பலகை. அதன் மேல் ஒரு முழங்காலை ஊன்றி, மறு காலால் சேற்றை உந்தித் தள்ளிக்கொண்டு பறந்து வந்தார். முன்னால் கூடை நிறையக் கெராங் சிப்பி. நடுத்தர வயது மலாய்க்காரர். தோட்டங்களில் மீன் விற்றுப் பழக்கமானவர்போலும். தமிழும் கலந்து பேசினார்.

"ஜாங்ஙான் கெராக்! அசையாதே தம்பி! கைய விரிச்சுக் குப்புறப் படு. பலகையப் பிடி."

படுத்தேன். பிடித்தேன். கால் மெதுவாகக் கழன்று வந்தது. உடனே அவர் பலகையைக் கரைப் பக்கம் திருப்பினார்.

"பக்சிக், நாய்!" என்றேன். மாமா என்கிற மாதிரி மரியாதையாக அப்படித்தான் அழைப்பது வழக்கம்.

"தண்ணி வேகமா வருது லா. மொதல்ல நீ."

"அதை விட்டுட்டு நான் வரமாட்டேன்."

அவர் நாயைப் பார்த்தார். அதன் தாடைக்குக் கீழே தண்ணீர். மலாய்க்காரர்கள் நாயைத் தொட மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். நனைந்த நாய், அதிலும் அதன் எச்சில், அவர்கள் மார்க்கத்தில் ஆகாது. அவர் என் கூலிக்காரரும் அல்ல, எனக்குக் கடன்பட்டவரும் அல்ல. எந்த வாயால் கேட்பேன்?

"நீயும் பைத்தியம், அதுவும் பைத்தியம்" என்றார். சொல்லிக்கொண்டே கூடையைக் கவிழ்த்தார். அன்றைக்குப் பொறுக்கிய சிப்பி முழுவதும் சேற்றில் போயிற்று. பலகையில் இடம் வந்தது.

அவர் சேற்றைத் தோண்டவில்லை. கையால் தண்ணீரை நாயின் கால் ஓரமாகச் சேற்றுக்குள் தள்ளி, தோள் வரை கையை உள்ளே நுழைத்து, ஒவ்வொரு காலாக உருவினார். கடைசிக் கால் வந்ததும் கங்காணி அவர் மேலேயே விழுந்தது. விழுந்த வேகத்தில் நெற்றி, கன்னம், தாடி என்று முகம் முழுவதும் நக்கித் தீர்த்துவிட்டது! எனக்கு உயிரே போய்விட்டது.

"சுடா, சுடா! போதும் லா!" என்று கண்ணை மூடிக்கொண்டு கத்தினார் அவர். ஆனால் பிடித்த கையை விடவில்லை. நாய் பலகை மேல், நான் பலகையின் வாலைப் பிடித்துக்கொண்டு வயிற்றால் ஊர்ந்து, கரை சேர்ந்தோம்.

அவர் வீடு கரைக்கு அந்தப் பக்கம் தென்னைகளுக்கு நடுவே இருந்தது. வாசலுக்குப் போகாமல் நேராகக் கிணற்றடிக்குப் போனார். சுத்தமான மண்ணை எடுத்துத் தண்ணீரில் கரைத்து முகத்திலும் கையிலும் பூசிக் கழுவினார். பிறகு வெறும் தண்ணீரால், அவர்கள் மார்க்கம் சொல்லும் ஏழு தடவை என்ற கணக்கு முடியும்வரை திரும்பத் திரும்பக் கழுவினார். கோபமும் இல்லை, முகச் சுளிப்பும் இல்லை. நான் தூரத்தில் நின்று, "என்னால உங்களுக்கு இவ்வளவு தொல்லை, பக்சிக்" என்றேன்.

"என்னா தொல்லை? ஒரு சுருட்டு குடிக்கிற நேரம்" என்றார். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீயும் குளி. நாயவிட நீதான் நாறுறே. அது பேர் என்னா?"

சொன்னேன். பேரின் கதையையும் சொன்னேன். வாளியைக் கீழே வைத்துவிட்டு அப்படிச் சிரித்தார்!

அவர் மனைவி படிக்கட்டில் எனக்குச் சோறும் கருவாடும் வைத்தார். வீட்டை விட்டுத் தள்ளி, ஒரு தென்னை அடியில், கங்காணிக்கும் வாழையிலையில் சோறு வந்தது. படகுக் கொட்டகையில் படுத்துக்கொள்ளச் சொன்னார்கள்.

மறுநாள் காலையில் பக்சிக், சிப்பி வாங்கும் சீன முதலாளியான தவுக்கேயிடம் வேலை கேட்டு என்னை அழைத்துப் போனார். தவுக்கே என்னைப் பார்த்துவிட்டு, "இவனா? நேத்து முழுகினவன்தானே?" என்று மலாயில் கேட்டார்.

"முழுகினவன்தான். இனி சேத்துக்கு மரியாதை குடுப்பான்" என்றார் பக்சிக்.

அன்றே தவுக்கேயிடம் ஒரு பலகையையும் கூடையையும் வாங்கிக்கொண்டு, கங்காணியைத் தென்னையில் கட்டிப்போட்டுவிட்டு, கெராங் பொறுக்கும் வேலையில் பக்சிக் பின்னால் சேற்றில் இறங்கினேன். இன்றும் என்னை நாய்ப் பிரியன் என்று நண்பர்கள் சொல்லும்போதெல்லாம், நாயைத் தொடவே கூடாத ஒருவர் அதற்காகத் தோள் வரை கையை விட்டது கண்முன் வந்து, அந்தப் பெயரைச் சும்மா ஏற்றுக்கொள்ள எனக்குக் கூச்சமாக இருக்கிறது.