சாட்சியில் சொல்லாமல் விட்ட மாத்திரை

கழுத்தின் இடப்பக்கம் ஒரு கட்டி. பாட்காஸ்ட் பதிவின்போது ஹெட்போன் ஒயரை ஒதுக்கிய விரலில்தான் முதலில் தட்டுப்பட்டது. வலி இல்லை. அதனால் இரண்டு மாதம் சும்மா இருந்துவிட்டேன், பெரிய சாமர்த்தியசாலி நான்.

திருவண்ணாமலையில் டாக்டரம்மா பயாப்சி (கட்டியிலிருந்து துளி சதை எடுத்துப் பார்க்கும் சோதனை) செய்தார். காசநோய், நுரையீரலில் அல்ல, கழுத்து நெறிக்கட்டியில்.

"இது யாருக்கும் ஒட்டாதும்மா. ஆறு மாசம், ஒரு நாள் கூட விடாம மாத்திரை போடுங்க."

நானும் தோழி பிளெஸ்ஸியும் நடத்தும் பாட்காஸ்ட் எங்கள் கிறிஸ்தவ சபைப் பெண்பிள்ளைகளுக்கானது. மாதவிலக்கு, காதல், ஜெபிக்கவே பிடிக்காத நாட்கள், எதையும் மறைக்காமல் பேசுவோம். என் நோயையும் சொன்னேன். மூன்றாம் மாதம் கட்டி கரைந்தது. சுகம் முழுதாக வருமுன்பே விசுவாசத்தோடு சாட்சி (கர்த்தர் செய்த நன்மையை எல்லோருக்கும் அறிவிப்பது) சொல்லிவிடுவது எங்கள் சபை வழக்கம்.

"கர்த்தர் என்னை முழுசா சுகமாக்கிட்டாரு" என்று பதிவில் சொன்னேன். தினமும் மாத்திரை விழுங்கிக்கொண்டுதான் இருந்தேன். அதை மட்டும் சொல்லவில்லை. சொன்னால் சாட்சியின் பலம் குறைந்துவிடும் என்று ஒரு நினைப்பு.

ஒரு மாதம் கழித்து, கீழ்பென்னாத்தூரிலிருந்து எஸ்தர் என்ற கல்லூரி மாணவி குரல் பதிவு அனுப்பினாள். அவளுக்கும் இதே நோய்.

"அக்கா, உங்க சாட்சிய கேட்ட அன்னிக்கே நானும் மாத்திரைய நிறுத்திட்டேன். இப்ப கட்டி பெருசாவுது. எனக்கு விசுவாசம் கம்மியாக்கா?"

அன்றே பஸ் ஏறிப் போய் அவளை டாக்டரம்மாவிடம் அழைத்து வந்தேன்.

"நான் நிறுத்தவே இல்ல எஸ்தர். சொல்லாம விட்டது என் தப்பு."

அவள் அழவில்லை. நான்தான் அழுதேன். சோதனைகள் முடித்து, சிகிச்சையை முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்றார் டாக்டரம்மா.

அடுத்த பதிவில் எல்லாவற்றையும் சொன்னேன். பிளெஸ்ஸி என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மாத்திரையால் சிறுநீர் செம்மஞ்சளாகப் போவதைக்கூட விடவில்லை. இதே மாத்திரை போடும் தங்கைகளே, உங்களுக்கும் அப்படிப் போனால் பயப்படாதீர்கள் என்றேன். சபையில் சிலருக்கு என்மேல் கோபம், இருக்கட்டும்.

என் ஆறு மாதம் முடிந்துவிட்டது. கழுத்தில் சிறு தழும்பு இருக்கிறது. ஆனாலும் நாட்களை எண்ணுவது நிற்கவில்லை. இப்போது எண்ணுவது அவள் நாட்களை. இன்று எஸ்தருக்கு நூற்றுப் பதினோராம் நாள். தினமும் காலை எட்டு மணிக்கு வீடியோ காலில் வருவாள். மாத்திரையைப் போட்டுத் தண்ணீர் குடிப்பாள். அது தொண்டையில் இறங்கும்வரை நான் வாயே திறப்பதில்லை.